வெண்டைக்காய்க் கொம்பு

உத்திரமேரூர் பேருந்து நிலையத் தேநீர்க்கடை டிவியில் கார்ட்டூன் பூதம் ஒன்று சிரித்தது. எனக்குத் தங்கை செல்வியின் ஞாபகம் வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது ஞாயிறுதோறும் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டிவியில் குறும்புக்காரக் குட்டிப் பூதம் ஒன்று வரும். அது பேசும் இந்தி புரியாத எங்கள் தெருவுக்கு, பள்ளிக்கூடம் போகிற நான்தான் வசனத்தை இட்டுக்கட்டிச் சொல்வேன்.

ஒரு ஞாயிறு செல்விக்கு அம்மை கண்டிருந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. "பூதம் பாக்கணும்ணா" என்று முனகினாள். முகத்தில் கரி பூசி, தலையில் வெண்டைக்காய்க் கொம்பு கட்டிக்கொண்டு அவள் முன்னால் குதித்தேன்.

அம்மா பதறினாள். "அடப்பாவி, மாரியாத்தா வந்துகீற வூட்ல கூத்தடிக்கிறியே! கோச்சிக்கினு பொண்ணை இட்டுக்கினு பூடுவாடா!"

"கொம்பு கோணலா கீதுண்ணா" என்று செல்வி சிரித்தாள். திறந்த வாயில் அம்மா சட்டென்று ஒரு கரண்டி இளநீரை விட்டாள். இறங்கியது.

"நிறுத்தாதடா" என்று அம்மா அழுதாள். "ஆத்தா கால்ல நான் வியுந்துக்கிறேன். நீ ஆடு."