ரிலீவர் வராத நாற்காலி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே நக்கலடிக்கிற ஆள் நான். கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் அதற்கு லாக் என்று ஒரு பதிவு இருக்கும், தேடினால் காரணம் கிடைக்கும், அவ்வளவுதான் என் சாமி, பூதம் எல்லாம். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு காண்ட்ராக்டரிடம் நானும் தனசேகர் அண்ணனும் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தோம். மைன்ஸுக்குப் போகிற காண்ட்ராக்ட் ஆட்கள் விரல் வைக்கிற வருகைப்பதிவு எங்கள் பொறுப்பு. அண்ணன்தான் அதைப் பழைய சர்வரிலிருந்து எடுத்து, லினக்ஸில் கண்டெய்னர்களாகப் பிரித்து வைத்தார். ஒரே மெஷினுக்குள் தனித்தனி குவார்ட்டர்ஸ் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனி நம்பர். மாற்றிய நாளிலிருந்து சனி பிடித்தது. ஒரு விரல் பதிவாக ஐந்து விநாடி. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது கியூ வெயிலில் ரோடு வரைக்கும் நிற்கும், எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அண்ணனுக்கு வேலை இல்லை என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். பெர்மனென்ட் ஆகும், ஆகும் என்று காத்திருந்தே தலை நரைத்த மனுஷன்.

மெஷினிலிருந்து பார்த்தால் நெட்வொர்க் பறக்கிறது, கண்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் நொண்டுகிறது. கேபிள், ஸ்விட்ச், செட்டிங் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. வியாழக்கிழமை மதியம், போகிற வருகிற ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டையும் பிடித்துக் காட்டுகிற புரோகிராமை ஓட்டினேன். ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் கண்டெய்னர் ஒரு மெஷினைப் பெயர் சொல்லித் தேடுகிறது, பதில் வராமல் ஐந்து விநாடி காத்திருந்துவிட்டு நகர்கிறது. 'ரிலீவர்' என்று பெயர். அப்படி ஒரு மெஷினே எங்களிடம் கிடையாது. எல்லா ஃபைலிலும் தேடினேன், அந்த வார்த்தை எங்கேயும் இல்லை. கண்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மறுபடி அதே கேள்வி.

ரிலீவர் என்றால் ஷிப்டில் நமக்கு அடுத்து வந்து உட்காருகிற ஆள். அவர் வராமல் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இங்கே அது எழுதாத சட்டம்.

அண்ணன் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கலியமூர்த்தி அண்ணன்டா. பழைய சர்வர அவருதான் பாத்துகினு இருந்தாரு. நெஞ்சு வலிக்குது, சீக்கிரம் வாடான்னு போன் பண்ணாரு. நான்தான் ரிலீவரு. குள்ளஞ்சாவடில ஒரு கல்யாணம், சாப்ட்டுட்டுப் போலாம்னு ஒக்காந்துட்டேன். நான் ஒக்கார்ற இந்த சேர விட்டு அவரு ஏந்திரிக்கவே இல்லடா. வந்து பாத்தா உசுரு இல்ல."

சொல்லிவிட்டு என் கீபோர்டை இழுத்து ஒரே ஒரு வரி அடித்தார். ரிலீவர் என்ற பெயருக்குத் தன் கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்தார். கண்டெய்னர் கேட்டது, அண்ணன் கம்ப்யூட்டர் பதில் சொன்னது, கியூ கடகடவென்று நகர்ந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காண்ட்ராக்டர் வந்தார். அண்ணனிடம், சரியானது சந்தோஷம், ஆனாலும் நாளையோடு நின்றுகொள், இனி அந்த சீட்டுக்கு ஆளே போடப்போவதில்லை என்றார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்தார், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஏந்திரிங்கண்ணா, வூட்டுக்குப் போலாம்."

"ரிலீவர் வர்லியே தம்பி. நீ கொஞ்சம் ஒக்கார்றியா?"

"அந்த சீட்டே இல்லங்குறாங்க, யாருண்ணா வருவா?" என்று சிரித்தேன். கம்மாபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, என் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுக் கிளம்பினேன். பாவி, ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம்.

சாயந்திரம் பெருக்க வந்த அக்கா பார்த்தபோது அண்ணன் அதே நாற்காலியில் உயிரில்லாமல் இருந்தார். நாலே முக்கால் வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் லாக்கை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் அணைத்துவைத்த கம்ப்யூட்டரிலிருந்து, இரண்டு மணிக்குப் பிறகும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. நாலே முக்கால் வரைக்கும். அதற்குப் பிறகும் பதில் நிற்கவில்லை, முகவரிதான் மாறியிருந்தது. அந்த முகவரி என் கம்ப்யூட்டருடையது. நான் அந்த நேரம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். வேலையை விட்டுத் தொலையுங்கள் என்று என் மனைவி தினமும் சொல்கிறாள். ராஜினாமா கடிதம் எழுதிப் பையிலேயே வைத்திருக்கிறேன். கொடுக்கத்தான் முடியவில்லை. என் இடத்துக்கு ஒரு ஆள் வர வேண்டுமே.