மூடாத உரக்குழி

குப்பையை மட்கவைத்து உரமாக்குவது பற்றி மூன்று புத்தகங்கள் படித்துவிட்டுத்தான் குழி வெட்டினேன். மூன்றிலும் ஒரே எச்சரிக்கை இருந்தது: பழக்கழிவைப் போட்டால் உடனே மண்ணாலோ சருகாலோ மூடிவிட வேண்டும். மூன்றிலும் அந்த வரியை அடிக்கோடிட்டேன். ஆனால் மூடவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூடினால் போட்டோவில் ஒன்றும் தெரியாது.

மலைமேல், ஆலத்தூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் வீடு எடுத்து வந்த முதல் வருடம் அது. நகரத்து நண்பர்களுக்குத் தினம் ஒரு படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் சமையலில் விழும் வெங்காயச் சருகும் முட்டை ஓடும் படத்துக்குப் பற்றவில்லை. அதனால் சோளக்காடு சந்தைக்குப் போய், பலாப்பழம் அறுத்து விற்கும் கடையில் தோலையும் சக்கையையும் ஒரு மூட்டை கேட்டு வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையை மோந்து பார்த்தார்.

"பலாங்களா?"

"தோலுங்க."

"பழம் எங்கீங்க?"

"பழம் வாங்கலைங்க."

அவர் முன்சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு என்னை உட்காரவைத்தார்.

குழியை வேலியோரம் வெட்டியிருந்தேன், என் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. நாற்றம் எனக்கு வரக் கூடாதல்லவா. வேலிக்குக் கீழே பக்கத்து வீட்டம்மாவின் மரவள்ளித் தோட்டம். என் வயதுதான் அவருக்கும் இருக்கும். வெட்டிய அன்றே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், குப்பைக்குழிங்களா?"

"இல்லைங்க, கம்போஸ்ட்."

"அதுல என்னங்க போடுவீங்க?"

"குப்பைதாங்க."

"செரிங்க," என்றார்.

மூட்டையைக் கொட்டிய மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், குழி வழித்துத் தின்ற இலை மாதிரி இருந்தது. காட்டுப்பன்றிகள். வந்தவை அத்தோடு திரும்பியிருக்கலாம். கீழே இறங்கி, இன்னும் ஒரு மாதத்தில் பிடுங்கி லாரியில் ஏற்ற வேண்டிய கிழங்கில் பாதியை உழுது போட்டிருந்தன. அந்த வீட்டுக்கு வருடம் முழுவதும் அந்தக் கிழங்குப் பணம்தான்.

யாரும் வருவதற்குள் மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடினேன். புத்தகங்கள் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

பிறகு ஆறுதல் சொல்லப் போனேன். அந்தம்மா கடிபடாத கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காடுகள் அழிவதைப் பற்றியும், விலங்குகள் இரை தேடி ஊருக்குள் வருவதைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினேன். படிப்பு இதற்கும் பயன்படுகிறது.

"இத்தன வருசமா இந்தப் பக்கம் எறங்குனதில்லீங்க," என்றார் அவர். "என்ன வாசத்துக்கு வந்துச்சோ."

நானும் குனிந்து கிழங்கு பொறுக்கத் தொடங்கினேன்.

கிளம்பும்போது உடைந்த கிழங்கை ஒரு கூடை நிறையக் கொடுத்தார். "வெச்சா கெட்டுப்போயிருமுங்க. வேக வெச்சுத் தின்னுங்க." என் மனைவி அவித்தாள். மாவாக வெந்திருக்கிறது என்று இரண்டாவது துண்டையும் எடுத்தாள். நான் என் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

பன்றி வராமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது இங்கே வழக்கம். மனைவியின் பழைய சேலைகள் நான்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றுதான் பழையவை என்பது பிறகு வீட்டில் தெரியவந்தது. கட்டுவதற்கும் தினமும் போனேன். போகப் போக அந்த வீட்டில் எனக்கு மரியாதை கூடியது. காபி வந்தது. "எங்கிருந்தோ வந்த மனுசன், நம்ம கெழங்குக் காட்டுக்கு இம்புட்டுப் பாடுபடறாரு" என்று அவர் வீட்டுக்காரர் என் காதுபடவே சொன்னார். ஒவ்வொரு டம்ளருக்கும் உண்மை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

இரண்டு வாரம் தாங்கினேன். ஒரு நாள், சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: பலாத்தோல், போட்டோ, அவசரமாக மூடிய குழி, காடுகள் அழிவது பற்றிய சொற்பொழிவு. நட்டத்தை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் முடிச்சை இறுக்கி முடித்தார்.

"தெரியுமுங்க சார். தடம் உங்க குழியில இருந்துதானுங்களே எறங்குச்சு. ஊருக்கே தெரியும்."

"பின்னே ஏங்க ஒரு வார்த்தை கேட்கலை?"

"உங்களுக்குத்தான் தெரியலைன்னு நெனச்சமுங்க. பாவம், படிச்ச மனுசன், சொன்னா வெளங்குமோ வெளங்காதோன்னு உட்டுட்டோம்."