பக்கத்து வீட்டுக் கடுவன்

டாஃபின்காவுக்குச் சும்மா உட்கார வராது. பகலெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள், வீட்டிலாவது காலை நீட்ட வேண்டாமோ? சமையலறைக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டே இருப்பாள். புருஷன் அவளை விட்டுவிட்டுத் தலைநகர் சோபியாவுக்குப் போன காலத்தில்கூட இரண்டு நாள் அழுதுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்தக் குளிர்காலத்தில் அவளை நிலைகொள்ளாமல் அலையவைத்தது பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை.

அதன் பெயர் பாஷா. செம்பட்டை நிறம், பூசணிக்காய்த் தலை, சண்டையில் கிழிந்த ஒரு காது. வளர்த்தவர் ரங்கெல், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் திராட்சைப் பந்தல் போட்ட ஒரே முற்றம். அவளுக்கு அடுப்பு விறகு பிளந்து கொடுப்பது அவர். அவருடைய திரைச்சீலைகளைத் துவைத்துக் கொடுப்பது அவள். கூடப் பிறந்தவர்கள் இப்படி இருந்தால் ஊரே மெச்சும்.

டாஃபின்காவின் பூனை மிட்சா கிழடு. குட்டி போடாமல் இருக்க எப்போதோ அறுவை செய்தாகிவிட்டது. அதெல்லாம் பாஷாவுக்குக் கணக்கே இல்லை. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தால் போதும், உள்ளே குதித்து மிட்சாவை மூலையில் மடக்கிப் பிடரியைக் கவ்வும். போகிற போக்கில் கதவிலும் செருப்பிலும் மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போகும். அந்த நாற்றம் சட்டையில் ஏறி, சலவைக்கூடத்தில் பக்கத்து மேசை ஸ்லாதினா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

ஜனவரியில் பிடரிக் கடி சீழ் வைத்தது. மாட்டு டாக்டர் கீறி எடுத்துவிட்டு, "இன்னொரு கடி இந்த உடம்பு தாங்காதும்மா" என்று சொல்லிவிட்டார். அன்று அலமாரி உச்சியில் ஏறிய மிட்சா கீழே இறங்கவே இல்லை. டாஃபின்கா முக்காலி மேல் ஏறி நின்று அதற்குச் சோறு வைத்தாள். வைத்தது அப்படியே காய்ந்து கிடந்தது. கண்ணெதிரே அது எலும்பாகிக்கொண்டிருந்தது.

அவள் ரங்கெலிடம் போனாள்.

"அண்ணே, பாஷாவ டாக்டர்கிட்டக் கொண்டுபோய்க் காயடிச்சுட்டு வந்துடலாம்ணே. மயக்க ஊசி போட்டுத்தான் செய்வாங்க. சாயங்காலமே எந்திரிச்சு நடக்கும்."

ரங்கெல் தன் காலை ஒடுக்கிக்கொண்டார். "நல்லாச் சொன்ன போ! ஆம்பளைக்கு ஆம்பளை செய்யற காரியமா இது? அப்புறம் அவன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

"அப்ப என் மிட்சா சாகட்டுமா?"

"ஜன்னலச் சாத்தி வை தங்கச்சி. மார்ச் முடிஞ்சா தானா அடங்கிடுவான்."

"போன மார்ச்சுலயும் இதேதான் சொன்னீங்க!"

"போன மார்ச்சுல அவன் இளவட்டம்" என்றார் அவர். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது அந்த மனுஷனுக்கு. பூனை விஷயத்தில் மட்டும் மண்டையில் ஒன்றும் ஏறாது.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். எலுமிச்சைத் தோல் போட்டாள், தண்ணீர் ஊற்றினாள், ஜன்னல் விளிம்பில் மிளகுத்தூள் தூவினாள். பாஷா இரண்டு தும்மல் போட்டுவிட்டு உள்ளே வந்தது.

பிப்ரவரியில் வர்னாவில் இருக்கும் ரங்கெலின் அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தார். "பாஷாவுக்கு ஒரு வேளை சோறு வச்சிடு. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"போயிட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையிலேயே அவள் பாஷாவைச் சலவைப் பையில் திணித்து டாக்டரிடம் தூக்கிப் போனாள். "இது உங்க பூனையா?" என்று கேட்டார் டாக்டர். "என்னோடதுதான்" என்றாள், நாக்குக் கொஞ்சமும் குழறாமல்.

கதையைக் கேட்ட ஸ்லாதினா விரிப்பில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். குளிர்காலத்தில் பூனை உள்ளே நுழைந்ததும் சட்டென்று கதவைச் சாத்த வேண்டும், வீட்டுச் சூடு வீணாகக் கூடாது என்று கப்ரோவோக்காரர்கள் அதன் வாலை வெட்டிவிடுவார்களாம். எங்கள் ஊர்க் கஞ்சத்தனத்தைப் பற்றி நாடு முழுக்கச் சொல்லும் கேலி இது.

"அடிப்பாவி, கப்ரோவோக்காரி வாலத்தானடி வெட்டணும்? நீ வால விட்டுட்டு அதுக்குப் பக்கத்துல வெட்டிட்டியே!" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவர்கிட்டச் சொல்லுவியா?"

"சொல்லாம? வரட்டும்."

ரங்கெல் வந்தார். இவள் சொல்லவில்லை. பாஷா தின்பதும் அடுப்போரம் சுருண்டு படுப்பதுமாகக் கிடந்தது. ரோமம் அடர்ந்த பூனை, அவரும் புரட்டிப் பார்க்கவில்லை. "பாத்தியா, வயசானா தானா புத்தி வரும்னு சொன்னேன்ல?" என்று பெருமையடித்துக்கொண்டார். மிட்சா அலமாரியை விட்டு இறங்கியது, தட்டை நக்கிக் காலி செய்தது. டாஃபின்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளோ அவர் விறகு கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே ஓடினாள். மனசு கிடந்து அரித்தது.

பிறகு மன்னிப்பு ஞாயிறு வந்தது. தவக்காலம் தொடங்கும் முன்னால் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கும் நாள். கேட்டால் பெரியவர்கள் கொடுத்தாக வேண்டும். எதற்கு என்று யாரும் விசாரிப்பதில்லை. அதுதான் டாஃபின்காவுக்கு வசதியாகப் பட்டது. பொதுவாகக் கேட்டுவிடலாம், அதிலேயே பாஷா விஷயமும் சேர்ந்துவிடும்.

வால்நட் போட்ட வெள்ளை அல்வாவோடு போனாள். ரங்கெல் பாஷாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவர் கையை முத்தமிட்டு, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கு மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். முடிக்கக்கூட விடவில்லை. "மன்னிச்சாச்சு, ஆண்டவனும் மன்னிப்பாரு, உக்காரு, பனித்ஸா சுடச்சுட இருக்கு" என்றார்.

அத்தோடு அந்தப் பாலாடைக்கட்டிப் பணியாரத்தைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"எதுக்குன்னே கேக்கலையேண்ணே."

"அப்படிக் கேக்கற வழக்கம் இல்லையே தங்கச்சி."

அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரங்கெல் பாஷாவின் வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக அதைத் தரையில் இறக்கிவிட்டார்.

"நான் ஊர்ல இல்லாதப்ப."

"ஆமாண்ணே."

"உன் பூனைன்னு சொல்லி."

"மிட்சா செத்துப் போயிருக்கும்ணே!"

"தெரியுது." அவர் பனித்ஸாத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "மன்னிச்சேன்னு சொல்லியாச்சு. சொன்னது சொன்னதுதான்." பனித்ஸாவில் பெரிய துண்டாக வெட்டி அவள் தட்டில் வைத்தார்.

தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் அவள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரங்களிலும் ஒன்றும் மாறவில்லை. அவர் விறகு பிளந்தார், பார்த்தபோதெல்லாம் நலம் கேட்டார். முற்றத்தில் பாஷாவும் மிட்சாவும் ஆளுக்கொரு பக்கம் வெயில் காய்ந்தன. பிரச்சினை தீர்ந்தது என்று டாஃபின்கா ஸ்லாதினாவிடம் சொன்னாள்.

ஈஸ்டருக்கு ரங்கெல் மறுபடி அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு கையில் பை, மறு கையில் துணி போட்டுக் கட்டிய பெரிய கூடை. கூடைக்குள் பாஷா அலறிக்கொண்டிருந்தது. டாஃபின்கா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"என்னண்ணே இது! வர்னா வரைக்கும் பஸ்ல இதைத் தூக்கிட்டா? வழியெல்லாம் கத்தித் தீத்துடுமே. நான் பாத்துக்க மாட்டேனா?"

"வேண்டாம் தங்கச்சி."

"நீங்கதான் மன்னிச்சிட்டீங்களே!"

"மன்னிச்சிட்டேன்தான்" என்றார் ரங்கெல். குரலில் கோபம் துளியும் இல்லை. "அதுக்காகத் திரும்பவும் உங்கிட்ட விட்டுட்டுப் போக முடியுமா?"

கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலையே என்று டாஃபின்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருமுனை திரும்பும் வரை பாஷா கத்துவது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.