சோடா மூடித் தொப்பி

எங்கள் ஊர் போர்ட் மரியாவில் வெர்பீனா ப்யூசியிடம் துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கு இரண்டு அவமானம் நிச்சயம். ஒன்று அளவெடுக்கும்போது. மற்றது சனிக்கிழமை மத்தியானம் என் கடையில் அவளோடு, எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி வார்த்தை சேர்க்கிற ஸ்க்ராபிள் ஆடும்போது. இடுப்பைச் சுற்றி நாடாவை இழுத்துக்கொண்டே, "நாடா பத்தலை, பக்கத்து வீட்டுல ஒண்ணு வாங்கிட்டு வா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

எந்த எழுத்தைச் சொன்னாலும் அது உள்ளே இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளைப் பொலபொலவென்று கொட்டுவாள். க்யூ, எக்ஸ், ஸெட் கையில் வந்தால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள், அவள் சிரிப்பாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே ஸெட் வார்த்தைகளை ஜபம் மாதிரி முணுமுணுப்பாள். அர்த்தம் கேட்டால், "அர்த்தத்துக்கு யாரு மார்க் குடுக்குறா, போடா" என்பாள்.

அதைவிடப் பெரிய சாமர்த்தியம் அவளுடைய புளுகு. இல்லாத வார்த்தையைப் பலகையில் அடுக்கிவிட்டு, பல்லில் சிக்கிய மீன் முள்ளைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சந்தேகம் வந்தால் எதிரில் ஆடுகிறவர் "சேலஞ்ச்" சொல்ல வேண்டும். அப்போதுதான் நான் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற அகராதியைத் திறப்பேன். வார்த்தை அதில் இருந்துவிட்டால் கேட்டவருக்கு ஒரு முறை போச்சு, இல்லாவிட்டால் வைத்தவர் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் புளுகும் வார்த்தைதான். வேடிக்கை பார்க்கிறவர்கள் மூச்சு விடக் கூடாது. நடுவர் நான், எனக்கும் அதே சட்டம்.

தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றால் ஆறுக்கு முட்டை. அப்படித் தோற்றவர்களுக்கென்று வெர்பீனாவே ஒரு தொப்பி தைத்து என் கடை ஆணியில் மாட்டியிருந்தாள். மஞ்சள் துணி, கைக்குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி தாடைக்குக் கீழே நாடா, சுற்றிலும் நசுக்கிய சோடா மூடிகள். அதைப் போட்டுக்கொண்டு தெருக்குழாய் வரை நடந்து திரும்பி வர வேண்டும். ஊர் தகரம் தட்டிக்கொண்டு பின்னால் வரும். குழாய் இருந்தது அவள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. யோசித்துத்தான் வைத்திருந்தாள், பாதகத்தி. நானும் ஒரு தடவை நடந்திருக்கிறேன்.

டாக்ஸி ஓட்டுகிற லின்வலுக்கு அவள் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். அவன் அம்மா செத்த ஒன்பதாம் நாள், எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டில் ரம்மும் ஆட்டுத்தலை சூப்புமாகக் கூட்டம் கூடி ஆடிக்கொண்டிருந்தது. துக்கக்காரனான அவனை ஸ்க்ராபிளுக்கு உட்காரவைத்து ஆறுக்கு முட்டை கொடுத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த தொப்பியை அம்மா படத்துக்கு முன்னாலேயே கட்டிவிட்டாள். அவன் கண் கலங்கியது.

"என்ன லின்வல், அழறியா? அழாதடா, மூடியெல்லாம் துருப்பிடிச்சிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். லின்வல் சிரிக்கவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு வெர்பீனாவிடம் ஏதோ சரியில்லை. பாதிரியாரின் கோட்டுக்கு இரண்டு வலது கை தைத்துக் கொடுத்தாள். லின்வலை அவன் அப்பா பெயரால் கூப்பிட்டாள். ஆட்டத்தில் கைக்கு வந்த எழுத்துகளுக்கு வார்த்தை தேடி நெற்றியைத் தேய்த்தாள். சேலஞ்ச் சொல்வதை அடியோடு விட்டுவிட்டாள். பலகையில் இருப்பது புளுகா, தனக்குத்தான் மறந்துவிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மறதி என்று வெளியே தெரிந்தால் தைக்கவும் ஆள் வராது, என் கடையில் ஆட உட்காருகிற நாற்காலியும் போய்விடும். அதனால் எல்லாம் தெரிந்த மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த முகத்தை மற்றவர்கள் நம்பினார்கள். லின்வல் நம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தான். ஸாக்விட். உலகத்தில் எங்கேயும் இல்லாத வார்த்தை. வெர்பீனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுதைச் சேணத்துக்கு அடியில போடுற துணி, மிஸ் வெர்பி" என்றான் பணிவாக. "உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கா தெரியாது? எங்கப்பா கழுதைக்கே எத்தனை ஸாக்விட் தைச்சிருக்கேன்! ஓரத்துக்கு ரெட்டைத் தையல் போடணும், இல்லைன்னா பிரிஞ்சிரும்."

நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சிரிப்பு தெருவிலிருந்து கேட்டது. தெருவில் ஏதோ நாய் செய்கிற வேடிக்கைக்குச் சிரிக்கிறார்கள் என்று அவள் மட்டும் நினைத்தாள். அதற்கப்புறம் லின்வலுக்கு வெட்கமே இல்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் வைத்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஆறு ஆட்டமும் போயிற்று. தொப்பியை அவனே கட்டிவிட்டான். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு குழாய் வரைக்கும் போய்த் திரும்பினாள். தகரம் தட்டியவர்களில் அவளிடம் சட்டை தைத்துப் போட்டிருந்தவர்கள்தான் அதிகம். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவள் மேலும் எனக்குப் பிரியம் இல்லை, அது வேறு.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டு மிஷின் சத்தத்தோடு முணுமுணுப்பும் கேட்டது. ஸாக்விட், ஸாக்விட், ஸாக்விட். தன்னைத் தோற்கடித்த வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

மறு சனிக்கிழமை பூப்போட்ட கவுனும் வெள்ளைக் கையுறையுமாக வந்தாள். லின்வலுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆட்டம் பாதி போனபோது அவள் முகம் பழைய முகமாக மாறியது. கட்டைகளைப் பலகையில் டக் டக்கென்று அடித்து வைத்தாள். பல்குத்தும் குச்சியை எடுத்துக்கொண்டு சாய்ந்தாள்.

"எண்ணிக்கோடா. ஸாக்விட்."

"சேலஞ்ச்" என்றான் லின்வல்.

நான் அகராதியைத் திறந்தேன். பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன், பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும். "புத்தகத்துல இல்லை" என்றேன்.

"என்ன விளையாடுறியா? போன வாரம் இவன்தானே வச்சான்!"

"நானா?" லின்வல் சுற்றிலும் பார்த்தான். "நான் அப்படி ஒண்ணு வச்சேனாப்பா?"

"இல்லையே." "நாங்க பாக்கலையே." "என்ன மிஸ் வெர்பி, கனவு கண்டீங்களா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "இவோன், நீ சொல்லு. நீ இங்கதானே இருந்தே?"

சட்டம் என்று ஒன்று இருந்தது. "எனக்குப் புத்தகத்துல இருக்கிறது மட்டும்தான் தெரியும்" என்றேன்.

வெர்பீனா ஸாக்விட்டின் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து, யாரும் சொல்லாமலே, ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து நாடாவை முடிந்தாள். முதல் ஆட்டம்கூட முடியவில்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தகரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"குழாய் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

தட்டிக்கொண்டிருந்த தகரம் நின்றது. அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து ஒருவன் சிரித்தான். லின்வல் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு கையை நீட்டி, குழாய்க்கு நேர் எதிர்த்திசையில், கடல் பக்கம் காட்டினான்.

அவள் சேலஞ்ச் சொல்லவில்லை. அந்தப் பக்கமே நடந்தாள்.