வளைவில் அழுத்திய கால்

2023 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். மேற்கு வங்காளத்தின் டாக்குரியாவில் மழை. அண்ணன் பழையதாக வாங்கியிருந்த, நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் காரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் இருந்தான். என் பழகுநர் உரிமம் காலாவதியாகி ஆறு நாள்கள் ஆகியிருந்தன. இருவருக்கும் அது தெரியும்.

"வரிக்கு வரி நின்னு அர்த்தம் தேடுற மாதிரி ஓட்டாத" என்றான். நான் இலக்கியம் படிப்பது அவனுக்கு ஓயாத வேடிக்கை.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் ஒரு சக்கரம் வழுக்கினால் விசை அதிலேயே வீணாகும். எங்கள் காரின் பின் அச்சில் இருந்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அந்த வழுக்கலுக்கு எல்லை வைத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையை அனுப்பும். இதிலிருந்து அண்ணன் ஒரு விதி வகுத்திருந்தான்: வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காதே, அழுத்து, வண்டி தானே திரும்பும். முன்சக்கரங்களுக்குப் பிடிப்பு இருந்தால்தான் அது பொருந்தும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிராம் ஓடுவது நின்றுபோன பழைய தண்டவாளம் சாலையோடு வளையும் இடத்தில், முன்சக்கரங்கள் நனைந்த இரும்பில் ஏறின. ஸ்டியரிங் கனமற்றுப்போயிற்று. அழுத்தினேன். பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாய் இறுகி வண்டியை நேராகத் தள்ளின. சாலையோரத்தில் சரக்கேற்றும் மூன்று சக்கர சைக்கிள் வேனுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த முதியவரின் வலது கால் பம்பருக்கும் வேனுக்கும் இடையே நசுங்கியது.

"நீ பின்னாடி போய் உக்காரு. நான்தான் ஓட்டினேன். வாயத் தொறக்காத."

போய் உட்கார்ந்தேன். குடைகளோடு வந்தவர்கள் "காகூ, காகூ" என்று, சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, அவரைத் தூக்கினார்கள். காவலர்களிடம் அண்ணன் வாக்குமூலம் கொடுத்தான். ஜாமீனில் மாலை வீடு திரும்பியபோது, முதியவரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. அடுத்த மாதம் அலுவலகம் அண்ணனை வெளிநாட்டுக்கு அனுப்பவிருந்தது. வழக்கு இருந்தால் அது நடக்காது. என் படிப்பாவது கெடாமலிருக்கட்டும் என்றார் அப்பா.

அண்ணன் ஈரச் சட்டையைக்கூட மாற்றவில்லை. "கால எடுத்திருக்கலாம் நீ" என்றான்.

"அழுத்தச் சொன்னது நீதான், அண்ணா."

"ஆமா. அதனாலதான் நான் ஓட்டினேன்னு சொன்னேன்."

மறுநாள் காலை, அவன் எழுவதற்கு முன்பே காவல் நிலையத்துக்குப் போய், ஓட்டியது நான் என்றேன். அண்ணனைக் காப்பாற்ற வந்திருக்கிறாய் என்றார் அங்கிருந்த அதிகாரி. முன்சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறியதிலிருந்து தொடங்கி, வங்காள மொழியில் மறுபடியும் சொன்னேன். அவர் எழுதத் தொடங்கும்வரை நிறுத்தவில்லை.