ஒழுங்கையில் கடைசி ஆட்டம்

அப்பாவை நேற்று அடக்கம் செய்தோம். பெயர் அருமைராசா. வயது அறுபத்தொன்று. நகரத்தின் மேற்கு ஓரத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்தார்.

முன்பெல்லாம் வேலை முடிந்து, நாங்கள் குடியிருக்கும் வில்லரேக்கு வந்ததும், சாப்பிடாமலே வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய பாதைக்கு, ஒழுங்கைக்கு, போவார். அங்கே பிள்ளைகள் பேஸ்பால் விளையாடுவார்கள். அப்பாதான் நடுவர்.

அவருக்கு பேஸ்பால் சரியாகத் தெரியாது. தெரிந்தது எல்லே என்ற ஆட்டம். இலங்கையில் பள்ளிக்கூடத்தில் விளையாடியது. தடியால் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். ஓடுபவர்மேல் பந்தை எறிந்து, பட்டால் அவுட்.

ஒரு காலத்தில் ஒழுங்கை நிறையப் பிள்ளைகள். எங்கள் நகரத்தின் பேஸ்பால் அணி அமெரிக்காவுக்குப் போன அடுத்த கோடையில், 2005இல், நாலு பேர்தான் மிஞ்சினார்கள். சில குடும்பங்கள் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்க்கு வீடு மாறின. மற்றப் பிள்ளைகள் கம்ப்யூட்டரை விட்டு எழும்பவில்லை. நாலு பேரை வைத்து எல்லாத் தளத்திலும் ஆள் நிறுத்த முடியாது. ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்று அப்பா எல்லே விதியைக் கொண்டுவந்தார். டெனிஸ் பந்து, பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அஞ்சலீனா அன்ரியின் மகன் டிலக்ஷனுக்குப் பத்து வயது. ஒருநாள் அவன் சொன்னான்:

“அங்கிள், இது பேபிப் பந்து. டினோஜன் இனி வரமாட்டானாம். சிரிக்கிறான்.”

“உன்ர அடிக்கு இது காணுமடா.”

“உண்மையான பந்து எண்டா எல்லாரும் வருவினம்.”

அந்தச் சனிக்கிழமை அப்பா தோல் பந்து வாங்கி வந்தார்.

“இதாலயும் பிள்ளையளுக்கு எறியப் போறியளோ?” என்றார் அம்மா.

“எனக்கென்ன விசரே? இனி எறியிறேல்லை. பந்தால தொட்டாத்தான் அவுட்.”

பிள்ளைகளிடமும் அதையே சொன்னார். டினோஜனும் வந்தான். ஆனாலும் ஆள் போதாமல் அப்பாவே பந்து பொறுக்க நின்றார். டிலக்ஷன் அடித்துவிட்டு ஓடினான். பந்து அப்பாவின் கைக்கு வந்தது. பழைய பழக்கத்தில் கை முந்தி எறிந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்த நேரம்.

நான் பொறியியலாளர். தோல் பந்து டெனிஸ் பந்தைவிட இரண்டரை மடங்கு பாரம். அதே கை, அதே வேகம்.

ஆஸ்பத்திரியில் வலக்கண்ணில் கட்டோடு அவன் கேட்டான்:

“அங்கிள், நான் அவுட்டா?”

“இல்லையடா. நீ சேஃப்.”

அஞ்சலீனா அன்ரி அப்பாவைப் பார்க்கவில்லை. “அருமையண்ணை, வீட்டை போங்கோ,” என்றார். அவர் அப்பாவோடு கதைத்தது அதுதான் கடைசி.

அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. யாரும் வழக்குப் போடவில்லை. யாரும் பிள்ளைகளை ஒழுங்கைக்கு விடவும் இல்லை. அப்பா ஞாயிறு பூசைக்கு வருவார். மற்றவர்கள் நற்கருணை அப்பம் எடுக்க வரிசையில் போகும்போது எழும்பமாட்டார். குசினி யன்னலை, ஒழுங்கை தெரியும் என்பதால், கோடையிலும் மூடியே வைத்திருந்தார்.

நாலு வருடம் போனது. ஈரலில் புற்றுநோய். போன கிழமை நான் கட்டிலருகே இருந்தபோது கேட்டார்:

“ஒழுங்கையில ஆரும் விளையாடுகினமோ?”

“இல்லை அப்பா. ஒருத்தரும் இல்லை.”

“நல்லது,” என்றார்.