தை கழிந்தும் கழற்றாத மாலை

மொக்கையன், பிறப்பு 1944, ஆரப்பாளையம். மரக்கடையில் சுமை தூக்குபவர். மனைவி பாண்டியம்மாள். 1981இல் அரசு சாராயக் கடைகளைத் திறந்தது முதல் அவர் அன்றாடம் குடித்தார். சபரிமலைக்கு மாலையணிந்த நாட்களில் மட்டும் தொடமாட்டார்.

1984 தை மாதம் மலையிலிருந்து திரும்பியபோது மாலையைக் கழற்ற மறுத்தார்.

"யாத்திரை முடிஞ்சிருச்சே சாமி, கழட்டுங்க," என்றார் குருசாமி.

"கழட்டுனா காலு தானா கடைக்குப் போயிரும் சாமி."

பாண்டியம்மாள் சிரித்தார். "கெடக்கட்டும். எனக்குப் புருசன் வேணாம், இந்தச் சாமியே போதும்."

பங்குனி வரை மாலை கழுத்தில் கிடந்தது. குடியால் வந்திருந்த கைநடுக்கமும் நின்றிருந்தது. அப்போது மொக்கையனின் மூத்த அண்ணன் இறந்தார். சாவுத் தீட்டுள்ளவர் மாலை அணியக் கூடாது என்பது முறை.

"கூடப்பொறந்தவனுக்குத் தோள் குடுக்கலேன்னா ஊரே காறித் துப்பும் மாப்ள, கழட்டு," என்றார் பாண்டியம்மாளின் அண்ணன் காளை.

"அண்ணே, அதை மட்டும் கழட்டச் சொல்லாதண்ணே," என்று பாண்டியம்மாள் அவர் கையைப் பிடித்து அழுதார்.

மொக்கையன் மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

தத்தனேரி மயானத்திலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அன்று இருந்த சாராயக் கடைகள் நான்கு.